மருந்தறை வழியாக வந்த மாப்பிள்ளை

பாலத்தை உள்ளே இழுத்தது நான்தான். சங்கிலி பழசு, காற்று பலம், மழையில் தண்டவாளம் துருப்பிடித்துவிட்டது என்று நெவில் பிறகு எனக்காக எத்தனையோ சாக்குகளைத் தேடிக் கொடுத்தான். நல்ல நண்பன். ஆனால் கைப்பிடியைச் சுற்றிய கை என்னுடையது. சுற்றும்போது சீட்டியடித்த வாயும் என்னுடையதுதான்.

பிராம்டீன் கோட்டையின் பாலம் மேலே தூக்குகிற வகை அல்ல, உருளுகிற வகை. வாசலுக்குள் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி இழுக்க, மொத்தப் பாலமும் மேசை இழுப்பறை போல உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே அகழி வாயைப் பிளந்து நிற்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திரும்பப் போகும். அன்றைக்குப் போகவில்லை. டங்கென்று ஒரு சத்தம். சங்கிலி பல்சக்கரத்தை விட்டு நழுவி, முன்சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. பாலம் வாசலின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

வேறு சனிக்கிழமையாக இருந்தால் ஒரு டீயைப் போட்டுக் குடித்துவிட்டு யோசித்திருப்போம். அன்றைக்குக் கல்யாணம். மணப்பெண் கெர்ரி உள்ளே. அவள் அம்மா பெரில் உள்ளே. அடுக்குக் கேக்கும் ஒரு மலை சாஸேஜ் ரோலும் உள்ளே. அகழிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஓவன், இடுப்பில் சடங்கு வாளோடு அவனுடைய கப்பல் தோழர்கள், பிளிமத்திலிருந்து தனிப் பேருந்து பிடித்து வந்திருந்த அவன் சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் மேலாக, கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டிய பதிவாளர் அம்மா.

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தைப் பிரெஞ்சுப் படையிடமிருந்து காக்க இதைக் கட்டி நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது, ஒரு பிரெஞ்சுக்காரன்கூட இந்தக் குன்றுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கட்டின காசெல்லாம் தண்டம் என்று போர்ட்ஸ்மவுத்தே சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் கோட்டை முதல்முறையாகத் தன் வேலையைச் செய்தது. சம்பந்தி வீட்டாரை வெளியே நிறுத்தியது.

ஏன் இழுத்தேன்? எல்லாம் ஓவனுடைய சித்தப்பா டெஸ்மண்டால் வந்தது. பிளிமத்திலும் கடற்படைத் தளம் உண்டு, அதைக் காக்கக் குன்றுகளின்மேல் கோட்டைகளும் உண்டு. மனிதர் அவற்றைத் தானே கட்டியது போலப் பேசுவார். பாலத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதென்னய்யா, பீரங்கியெல்லாம் வடக்கே பாக்குது? கடல் தெற்கேல்ல இருக்கு? கட்டினவன் வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தானா?"

"கடல்ல நேரா வர்றவனைக் கடற்படை பாத்துக்கும்," என்றேன். "வேற எங்கயாவது கரையேறி, பின்பக்கமா வந்து இந்தக் குன்றைப் பிடிச்சுட்டான்னா? கீழ பாருங்க, துறைமுகத்துல நம்ம கப்பலெல்லாம் வாத்து மாதிரி நிக்குது. இங்கிருந்து ஒவ்வொண்ணா அடிக்கலாம். அதுக்குத்தான் கோட்டை வடக்கே பாக்குது. இது முதுகைக் காக்கிற கோட்டை."

"எங்க ஊர்க் கோட்டையும் முதுகைத்தான் காக்குது. ஆனா லட்சணமா இருக்கும். இந்தப் பாலம்கூடச் சும்மா பொம்மைதானே? வேலை செய்யாதுல்ல?"

பிளிமத்காரன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தபிறகு எந்த போர்ட்ஸ்மவுத்காரனுக்கும் புத்தி நிதானமாக வேலை செய்யாது. "பொம்மையா? அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க," என்று உள்ளே வந்துவிட்டவர்களையும் நானே வெளியே அனுப்பினேன். பதிவாளர் அம்மாவிடம், "நீங்களும் போய்ப் பாருங்கம்மா, நல்லா இருக்கும்," என்று கையைப் பிடித்து வழியனுப்பியதும் நான்தான்.

அப்புறம் சீட்டியடித்தேன்.

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் துறைமுகத்தைக் கடக்கும் கோஸ்போர்ட் படகில் கரைக்குக் கயிறு வீசியே காலத்தை ஓட்டியவன். பெரில் கப்பல்துறையில் கொடி தைத்தவள். இருவரும் துணையை இழந்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், வாரக் கடைசியில் இந்தக் கோட்டையைக் கூட்டிப் பெருக்கி ஜனங்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள். என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று நான் அவளைக் கேட்க ஆரம்பித்து மூன்று வருஷமாகிறது. முடியாது என்று அவள் சொன்னதே இல்லை. முடியும் என்றும் சொன்னதில்லை. முதல் தடவை, "டீ ஆறுது, குடி," என்றாள். அடுத்த தடவை, "நம்ம ஃபுட்பால் டீம் மேல் பிரிவுக்குப் போகட்டும், பாக்கலாம்." போனது. "அங்க நிலைச்சு நிக்குதான்னு பாப்போம்."

இந்தக் கோட்டைக்குள் எந்தச் சந்தும் நேராகப் போகாது. ஒரு முனையில் நுழைந்தவனுக்கு மறுமுனை தெரியக்கூடாது, ஒரே குண்டு கடைசிவரை பாயக்கூடாது என்று கட்டியவர்கள் எல்லாவற்றையும் வளைத்து வைத்திருக்கிறார்கள். பெரிலையும் அந்தப் பொறியாளர்களே வரைந்திருப்பார்களோ என்று எனக்குப் பல நாளாகச் சந்தேகம்.

போன ஈஸ்டரன்று மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தாள். "கெர்ரி கல்யாணம் நல்லபடியா முடியட்டும், லென். அன்னிக்குச் சாயங்காலம் நேரா பதில் சொல்றேன். சத்தியம்."

அந்தக் கல்யாணத்தைத்தான் அகழிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தேன்.

சத்தம் கேட்டு பெரில் வாசலுக்கு வந்தாள். ஊதா நிறத் தொப்பி, அதில் துணிப்பூ. பாலத்தைப் பார்த்தாள். பாலத்தின் இடுக்கு வழியாக வெளியே பார்த்தாள்.

"லென், மாப்பிள்ளை ஏன் அந்தப் பக்கம் நிக்கிறாரு?"

"பாலம் இந்தப் பக்கம் நிக்குதே, அதான்."

"டின்லோ," என்றாள். எங்கள் ஊரில் மடையனுக்கு அதுதான் பெயர். பிரியமாகவும் சொல்லலாம். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

நெவில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தான். யார் உயிருக்காவது ஆபத்தா என்று கேட்டார்களாம். "லென்னோட உயிருக்கு," என்றிருக்கிறான். வைத்துவிட்டார்கள்.

நாங்கள் மேலே மண்மேட்டில் ஏறி நின்றோம். கெர்ரி வெள்ளைக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். அகழிக்கு அப்பால் ஓவன் இரண்டு கையையும் வாயில் குவித்தான். போர்க்கப்பலில் சமையல்காரன் அவன். எஞ்சின் இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய குரல்.

"கெர்ரி! நீ அங்கிருந்தே சம்மதம்னு கத்து! நான் இங்கிருந்து கத்துறேன்!"

"செல்லாதுப்பா," என்றார் பதிவாளர் அம்மா, அவன் பக்கத்திலிருந்தே. அவர் குரலும் சளைத்ததல்ல. "உரிமம் வாங்கியிருக்கறது படைவீரர் கூடத்துக்கு மட்டும்தான். ரெண்டு பேரும் அந்த நாலு சுவருக்குள்ள நிக்கணும். அகழிக்கெல்லாம் உரிமம் கிடையாது. அப்புறம், இதை முடிச்சுட்டு நான் ஃபேர்ஹாம் போகணும். அங்க ஒரு ஜோடி காத்திருக்கு. அவங்க ஊர்ல பாலம் இல்லை, பிரச்சினையும் இல்லை."

டெஸ்மண்ட் ஒரு மாமிசப் பேஸ்ட்ரியைக் கடித்துக்கொண்டே, "எங்க ஊர்ப் பாலம் வேலை செய்யும்!" என்றார்.

கெர்ரி என் பக்கம் திரும்பினாள். "அம்மா இன்னிக்கு உங்களுக்கு ஏதோ பதில் சொல்லப்போறாளாமே? அம்மா, இப்பவே சொல்லிடு. நான் பக்கத்துல நின்னு கைதட்டறேன்."

"கல்யாணம் முடிஞ்சாத்தான் பதில்," என்றாள் பெரில், என்னைப் பார்க்காமல். "முடியலைன்னா கேள்வியே கிடையாது."

அப்போது கீழேயிருந்து ஒரு ஆடு கத்தியது.

அகழிச் சரிவில் புல்வெட்டும் இயந்திரத்தைவிட்டால் கவிழ்ந்துவிடுகிறது. அதனால் ஆடுகளை விட்டிருக்கிறோம். ஆடு பறந்து வரவில்லை. வடமேற்கு மூலையில், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காரர்கள் சாமான் இறக்க வெட்டிய ஒரு சரிவுப் பாதை உண்டு. அதன் வழியாக ஓட்டி வருகிறோம். அகழியின் அடிக்கு வந்துவிட்டால், அங்கே அகழிக்குக் குறுக்கே மூக்கு நீட்டி நிற்கும் காவலறை. அதன் காலடியில் ஒரு சின்ன இரும்புக் கதவு. கோட்டைக்குள் இருப்பவர்கள் வெளியே பாய்ந்து தாக்குவதற்காக வைத்தது. நாங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டத் திறக்கிறோம். அங்கிருந்து சுரங்கப்பாதை, பீரங்கிக்கான வெடிமருந்தை வைத்திருந்த மருந்தறை, படிக்கட்டு, முற்றம்.

வாரந்தோறும் இந்த வழியை நான்தான் ஜனங்களுக்குக் காட்டுகிறேன். "ஆக, இந்தக் கோட்டைக்குள் எதிரி நுழையவே முடியாது," என்று கைவிரித்து முடிப்பேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டிருந்தேன்.

"ஆடு வர்ற வழி!" என்று கத்தினேன். "ஓவன், இடதுபக்கமா போ! மூலையில சரிவுப் பாதை இருக்கு! எல்லாரையும் அகழிக்குள்ள கூட்டிட்டு வா!"

"சேறு இருக்குமா?" என்றார் பதிவாளர் அம்மா.

"சேறு இல்லைம்மா. ஆனா ஆடும் சாப்பிடற பிராணிதானே, புழுக்கை கிடக்கும். பாத்து நடங்க."

நான் சுரங்கத்தில் இறங்கிக் காவலறைக்கு ஓடினேன். கதவைத் திறக்கும் முன் சுவரிலிருந்த துப்பாக்கித் துளை வழியாக வெளியே பார்த்தேன். அகழியின் முழு நீளமும் அந்தத் துளையில் தெரியும். இறங்கியவன் ஒளிய ஒரு புல் மறைவுகூட இருக்காது, அதுதான் கணக்கு. எத்தனையோ சிப்பாய்கள் அதில் கண்ணை வைத்து, ஒருநாளும் வராத எதிரிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். பாவம், ஒன்றுமே பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள். நான் பார்த்தேன். முன்னால் வெள்ளைத் தொப்பியோடு மாப்பிள்ளை. பின்னால் வாளும் கையுமாகக் கப்பல்காரர்கள். அதன் பின்னால் காலணியைக் கையில் தூக்கிப் பிடித்த பெண்கள், வண்ண வண்ணத் தொப்பிகள், பதிவேட்டை மார்போடு அணைத்த பதிவாளர் அம்மா. கடைசியாக டெஸ்மண்ட், அவர் பேஸ்ட்ரியையே பார்த்துக்கொண்டு மொத்த ஆட்டுக்கூட்டமும். இரண்டு பக்கமும் சக்கிமுக்கிக் கல் பதித்த உயர்ந்த சுவர், மேலே ஒரு கீற்று நீலவானம். இப்படியொரு படை வந்திருந்தால் எந்தச் சிப்பாயும் சரணடைந்திருப்பான்.

கதவைத் திறந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். நிமிர்ந்தபோது என் பின்னால் சுரங்கத்தை அடைத்துக்கொண்டு நெவில் நின்றான். கையில் மரத்தட்டு, தோளில் மூட்டையாகக் கம்பளிச் செருப்புகள்.

அடுத்தது மருந்தறை. அதற்கு ஒரு விதி உண்டு. இரும்பு எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆணி அடித்த காலணி கூடாது, தீப்பெட்டி கூடாது. கல்லில் இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் குன்றே பறந்துவிடும் என்று பழைய படையினர் உடைமாற்று அறையில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிச் செருப்போடுதான் நுழைவார்கள். அந்த விதியை மறுபடி உயிர்ப்பித்து, பலகையில் எழுதி மாட்டி, பெரிலைச் செருப்புத் தைக்கச் சொல்லி, நெவிலுக்கு 'மருந்தறைக் காப்பாளர்' என்று பட்டமும் கொடுத்த மேதாவி யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

"நெவில், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுப்பா."

"நீதானே சொன்னே? ஒருத்தருக்கு விட்டா அப்புறம் அது மருந்தறையே இல்லைன்னு."

"உள்ள மருந்தே இல்லையேப்பா! நம்ம தாத்தா காலத்துலயே எடுத்துட்டாங்க!"

"முதல் நாள் நானும் அதைத்தான் கேட்டேன். என்னமா திட்டினே! வரலாற்றுக்கு மரியாதை தெரியாதவன்னு சொன்னே. எங்கம்மாவைக்கூட நடுவுல இழுத்தே."

என் குரல்வளையை என் விதியே பிடித்திருந்தது. உதவிக்குப் பதிவாளர் அம்மாவைப் பார்த்தேன். நேரமாகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ பலகையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். முகம் மலர்ந்தது.

"விதின்னா விதிதான்," என்றார். "பன்னெண்டு மாசமும் நான் ஜனங்ககிட்ட இதைத்தான் சொல்றேன். திருப்பி எனக்கு யாரும் சொன்னதில்லை. செருப்பு என்ன அளவு இருக்கு?"

அதற்குப்பிறகு யார் மறுப்பார்கள்? காலணிகள் கழன்றன. கைக்கடிகாரம், சாவி, லைட்டர், கொண்டை ஊசி எல்லாம் தட்டில் விழுந்தன. பதிவாளர் அம்மாவின் பேனாவில் இரும்பு முள் இருந்தது. அதுவும் விழுந்தது. மோதிரங்களை மாப்பிள்ளைத் தோழன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"தங்கம்தானே? தங்கம் பொறி பறக்காது."

"பெட்டியில இரும்புக் கீல் இருக்கு," என்றான் நெவில்.

டெஸ்மண்டின் முறை வந்தது. "பெல்ட்டு," என்றான் நெவில்.

"பெல்ட்டா? கழட்டினா பேன்ட் நிக்காதுய்யா!"

"கையால பிடிச்சுக்கங்க. பொம்மைக் கோட்டைதானே, பயப்படாதீங்க," என்றேன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது அந்தச் சங்கிலி நழுவியிருக்கலாம்.

இரும்பெல்லாம் எப்படி உள்ளே வரும்? மேலே மண்மேட்டிலிருந்து பெரில் அகழிக்குள் கயிறு இறக்கினாள். வாளியில் மோதிரமும் பேனாவும் சாவிகளும். வாள்களைக் கட்டாகச் சேர்த்து நான் முடிச்சுப் போட்டேன். வாழ்நாளெல்லாம் போட்ட முடிச்சு. அதுவாவது என்னைக் கைவிடவில்லை. மேலே மணப்பெண் கவுன் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்து தன் மோதிரத்தைத் தானே இழுத்தாள். "ஏலேலோ!" போடாத குறை. கீழே கப்பல்காரர்கள் அந்தக் குறையையும் தீர்த்துவைத்தார்கள்.

பிறகு எல்லோரும் மருந்தறைக்குள் நுழைந்தோம்.

அங்கே விளக்கு கிடையாது. ஆனால் வெளிச்சம் உண்டு. மருந்துக்குப் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகக் கூடாது, இருட்டில் வேலையும் நடக்காது. அதனால் அறையைச் சுற்றித் தனியாக ஒரு ஒடுக்கமான விளக்குச் சந்து கட்டியிருக்கிறார்கள். அறைக்கும் அதற்கும் நடுவே சுவரில் கனத்த கண்ணாடி ஜன்னல்கள். விளக்குக்காரன் தன் வழியாக வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெழுகுவத்தியை வைத்துவிட்டுப் போவான். ஒளி மட்டும் இந்தப் பக்கம் வரும். சந்தில் இருப்பவன் அறைக்குள் வர ஒரு கதவுகூடக் கிடையாது. படியேறி முற்றத்துக்குப் போய், சுற்றிக்கொண்டு, மறுபடி இறங்க வேண்டும்.

நெவில் முன்கூட்டியே எல்லா ஜன்னலிலும் ஏற்றி வைத்திருந்தான். வெள்ளையடித்த செங்கல் வளைவுக்குக் கீழே, கம்பளிச் செருப்பில் ஒரு சத்தமும் இல்லாமல் கல்யாண ஊர்வலம் நகர்ந்தது. அத்தனை நேரம் கலகலத்தவர்கள் தானாக அடங்கிப்போனார்கள். ஒவ்வொரு ஜன்னலைத் தாண்டும்போதும் ஒவ்வொரு முகம் பொன்னாகி அணைந்தது. டெஸ்மண்ட் ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவினார்.

"நல்லாத்தான்யா கட்டியிருக்காங்க," என்றார் மெதுவாக.

நான் அடுத்த ஜன்னலின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

கல்யாணம் நடந்தது. நாலு சுவருக்குள், உரிமம் உள்ள கூடத்தில், மாப்பிள்ளையிலிருந்து பதிவாளர்வரை எல்லோரும் கம்பளிச் செருப்போடு. கெர்ரி தன் வெள்ளைக் காலணியை உதறிவிட்டு, "எனக்கும் ஒரு ஜோடி குடு," என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். கப்பல்காரர்கள் வாளை உயர்த்தி வளைவு பிடிக்க, இருவரும் அதன் கீழே வழுக்கிக்கொண்டே ஓடினார்கள். பதிவாளர் அம்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆட்டு வழியாகவே புறப்பட்டார். காலணியை உடைமாற்று அறையிலேயே மறந்துவிட்டு, கம்பளிச் செருப்போடு போய்விட்டார். அந்த ஃபேர்ஹாம் ஜோடிக்கு யாராவது விளக்கம் சொல்லியிருந்தால் நல்லது.

சாயங்காலம் வெயில் சாய்ந்து துறைமுகம் முழுக்கச் செம்பாக மின்னியது. முற்றத்தில் டெஸ்மண்ட் கயிற்றால் பேன்டைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். முடிச்சு நான் போட்டது. பெரிலைத் தேடினேன், காணவில்லை. சரி, மெழுகுவத்திகளையாவது அணைப்போம் என்று விளக்குச் சந்துக்குள் இறங்கினேன்.

நாலாவது ஜன்னலை ஊதப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். மருந்தறைத் தரையில் உட்கார்ந்து செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிப்பூ பாதி காணோம். அதைத் தின்ற ஆடு யாரென்று எனக்குத் தெரியும். பதிவாளர் அம்மாவை வழியனுப்ப அவள் அகழிக்குள் போயிருந்தபோது நடந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். நிமிர்ந்தாள். கேட்டேன். மூன்று வருஷமாகக் கேட்டதையே.

அந்தக் கண்ணாடி வெடியைத் தாங்கும் கனம். அவள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையசைத்தாள். நான் கத்தினேன். என் குரல் சந்துக்குள்ளேயே சுற்றி வந்து என் காதில் அறைந்தது. அவள் மறுபடி தலையசைத்தாள். பிறகு கையிலிருந்த செருப்பை வைத்துவிட்டு, எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வேறென்ன எதிர்பார்த்தேன்? பாலத்தை உடைத்தவனுக்கு யார் பதில் சொல்வார்கள்? மெழுகுவத்திப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். நாளைக்குச் சங்கிலியைக் கழற்ற நெவிலிடம் என்னென்ன கருவி கேட்க வேண்டும் என்று யோசிக்க முயன்றேன். ஒன்றும் ஓடவில்லை.

கம்பளிச் செருப்புக்கு ஒரு குணம், ஆள் வருவது காதில் விழாது. சந்தின் வளைவில் ஊதா நிறம் தெரிந்தபோதுதான் பார்த்தேன். படியேறி, முற்றத்தைக் கடந்து, நடுவில் ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு, மறுபடி இத்தனை படி இறங்கி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்து நின்றாள்.

"கட்டினான் பாரு," என்றாள். "ஒரு கதவு வெச்சா என்னவாம்?"

"பெரில், அந்தப் பாலத்தை நாளைக்கே நான்..."

"பாலத்தை விடு. அங்க என்னமோ வாயை வாயை அசைச்சியே. என்ன கேட்டே? முழுசாக் கேளு. இங்க நல்லாக் கேக்குது."

எழுந்து நின்றேன். தொண்டையைச் சரிசெய்தேன். "என்னைக் கல்யாணம் பண்ணிக்குவியா?"

டீயைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். ஃபுட்பால் பருவம் தொடங்க இன்னும் நாள் இருந்தது. மேலே கப்பல்காரர்கள் எதையோ பாடி முடித்துக் கைதட்டினார்கள். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"பண்ணிக்கிறேன், லென்," என்றாள்.